ஒட்டாமல் விட்ட சீட்டு

தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். இப்போது சேலையூரில் பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும் உத்தியோகம். சங்கக் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, காபி வந்ததும் எழுந்து போய்விடுகிற ஆள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சீனியர் என் கையில் கொடுத்தது ஒரு பசை டப்பாவும் கத்தரிக்கோலும்தான். அலமாரி நிறைய ‘பேர் ஆக்ட்’ என்கிற மூலச் சட்டப் புத்தகங்கள். திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். திருத்தச் சட்டத்தைத் தனியாகப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன உட்பிரிவை எடுத்துவிட்டு இதைப் போடு என்று மட்டும் இருக்கும். அந்த வரியை வெட்டி, மூலப் புத்தகத்தில் பக்கம் தேடி, பழைய வரிக்கு மேல் ஒட்ட வேண்டும். அதிலும் சீட்டு முழுக்கப் பசை தடவக் கூடாது. இடது ஓரத்தில் மட்டும் தடவி, சன்னல் கதவு மாதிரி திறந்து மூடும்படி ஒட்ட வேண்டும். பழைய வழக்குக்குப் பழைய வரி தேவைப்படும், புது வழக்குக்குப் புது வரி. “ஒட்டாம வுட்ட சீட்டுதான்டா கட்சிக்காரனைக் கவுக்கும்” என்பார் சீனியர்.

போன மாதம் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு கவரோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் தெருவில் மழைநீர் வடிகால் போட்டார்கள். ஆறே மாதத்தில் மூடிகள் உடைந்துவிட்டன. வேலை எடுத்தவர் யார், அளவெடுத்துப் பில்லில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனு போட்டிருந்தார். வந்த பதிலில் இரண்டே வரி. கேட்டவை தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-யின்படி தர இயலாது.

“மூணு வருஷத்துக்கு முந்தி பக்கத்துத் தெருவுக்கு இதே கேள்விதான் சார் கேட்டேன். பேரு, பில்லு, அளவுப் புத்தகம் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் குடுத்தாங்க. இப்ப என்ன திடீர்னு பர்சனல்?”

அவர் கையில் தகவல் பெறும் உரிமைச் சட்டப் புத்தகம் இருந்தது, 2019-இல் வாங்கியது, மஞ்சள் பேனாவால் கோடு போட்டது. அந்தப் புத்தகத்தின்படி அவர் கோபம் நியாயம்தான். அதில் ஒரு சீட்டு ஒட்டப்படவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

சீட்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மொத்தம் 44 பிரிவுகள். கைபேசிச் செயலிகளும் கம்பெனிகளும் நம் விவரங்களை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் முதல் பிரிவிலிருந்து பேச்சு. அதன் கடைசிப் பிரிவில், மூன்றாம் உட்பிரிவில், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) மொத்தத்தையும் தூக்கிவிட்டு, தனிநபர் தகவல் என்றால் தர வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரே வரியை வைத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தச் சட்டம் ஏட்டில் கிடந்தது. 2025 நவம்பர் மத்தியில் விதிகள் வெளியாயின. அதோடு இந்த உட்பிரிவும் அமலுக்கு வந்தது. நம் விவரங்களை வைத்திருக்கும் கம்பெனிகளுக்குப் பெரும்பாலான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம். உங்கள் ஆர்.டி.ஐ. மனுவுக்கு ஒரு நாள்கூட இல்லை.

பழைய (ஜே)-யில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் போனது எது என்று புரியும். தனிநபர் தகவலை மறுக்கலாம் என்று அப்போதும் இருந்தது. ஆனால் அந்தத் தகவலுக்கும் பொதுக் காரியத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைப்பதாக இருக்க வேண்டும். அப்போதும் பொதுநலன் பெரிது என்று அலுவலருக்குத் தோன்றினால் கொடுக்கலாம். கூடவே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி. எம்.எல்.ஏ. கேட்டால் கிடைக்கிறது, எதிர்வீட்டு மாமா கேட்டாலும் கிடைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். என் முப்பத்தொரு வருட அனுபவத்தில் ஒரு சட்டத்தில் இத்தனை மரியாதையாகப் பொதுஜனத்தை உட்காரவைத்த வரியை அதிகம் பார்த்ததில்லை. அதுவும் போய்விட்டது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு இசைவாகத்தான் இந்தத் திருத்தம் என்பது மத்திய அரசின் வாதம். தனியுரிமை வேண்டாம் என்று நானும் சொல்லமாட்டேன், யாரோ ஒருவரின் மருத்துவச் சீட்டை நான் ஏன் பார்க்க வேண்டும்? ஆனால் 2005-இல் தகவல் உரிமைச் சட்டத்தை எழுதியவர்கள் தராசு ஒன்றை வைத்திருந்தார்கள். இப்போது தராசை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வடிகால் மூடிக்குக் கையெழுத்துப் போட்டவர் பெயரும் மருத்துவச் சீட்டும் ஒரே பையில் விழுகின்றன.

தராசு முழுக்கக் காணாமல் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு இது நாளைக்கே தேவைப்படும். பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநன்மை, பாதுகாக்கப்படும் நலனுக்கு ஏற்படும் கேட்டைவிடப் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது அது. தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொல்வதால் நாம் எல்லோரும் காரணம் எழுதாமலே பழகிவிட்டோம். இனிமேல் எழுதுங்கள். இந்தத் தெருவில் இத்தனை வீடு, மூடி உடைந்து இன்ன தேதியில் இன்ன விபத்து, செலவானது வரிப்பணம் என்று நாலு வரி. பிரிவு 4(1)(பி)-யும் அப்படியே இருக்கிறது. அதிகாரிகள், ஊழியர்களின் மாதச் சம்பளம், மானியம் பெற்றவர்கள், சலுகையும் உரிமமும் பெற்றவர்கள் ஆகிய விவரங்களை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்பது அதில் உண்டு.

இந்தத் திருத்தம் வந்ததில் நமக்கும் பங்கு உண்டு. அந்தத் தரவுச் சட்டத்தின் வரைவு 2022 நவம்பர் 18 அன்று வெளியானபோதே ஆர்.டி.ஐ.யில் கைவைக்கும் வரி அதில் இருந்தது. 2023 ஜனவரி 2 வரை பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் தண்ணீர் எத்தனை அடி என்று மணிக்கொரு தரம் வாட்ஸப்பில் படம் வந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்களை யார் குறை சொல்ல முடியும்? அத்தோடு, டெக்னாலஜிச் சட்டம் என்றால் அது ஓ.எம்.ஆர். ஐ.டி. பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. ‘டிஜிட்டல்’ என்று தலைப்பு வைத்த சட்டம் நம் பத்து ரூபாய் ஸ்டாம்புக்குள் வந்து உட்காரும் என்று எனக்கே தோன்றவில்லை. நாடாளுமன்றம் 2005-இல் சட்டம் போடுவதற்கு எட்டு வருடம் முன்பே, 1997-இல், நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது என்று மேடையில் பேச மட்டும் நாம் மறப்பதில்லை.

இன்னொரு கதை. இதில் தவறு செய்தவன் நான்.

2022 டிசம்பரில் கேம்ப் ரோடு சந்திப்பில் எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் கேட்டார். “சார், இந்த போன்ல ரம்மி ஆடுறது இப்ப கேஸா, கேஸ் இல்லையா? மச்சான் வெச்சு அழிச்சிக்கினு இருக்கான்.” தடை வந்துவிட்டது, ஆடினால் உள்ளே போக வேண்டியதுதான் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன். மச்சானை மிரட்டுவதற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் அது தப்பு. அந்த மாதம் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை உயிரோடு இல்லை.

வரிசையாகப் பாருங்கள். 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் அதற்குப் பதிலாகச் சட்டம். 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது, அக்டோபர் தொடக்கத்தில் புது அவசரச் சட்டம் வந்தது. எல்லா டீக்கடையிலும் இதுதான் பேச்சு, என் மண்டையிலும் இதுதான் நின்றது. அக்டோபர் 19 அன்று பேரவையில் மசோதா நிறைவேறியது, ஆளுநர் மாளிகைக்குப் போனது, அங்கேயே இருந்தது. அவசரச் சட்டத்துக்கு ஆயுள் பேரவை கூடியதிலிருந்து ஆறு வாரம். நவம்பர் 27 அன்று அது காலாவதியானது. மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. 2023 மார்ச் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல், 21ஆம் தேதி அமல். அதே வருடம் நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஒழுங்குமுறைகள்: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும். ஜூன் 3 அன்று அவற்றை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டு மசோதா 20ஆம் தேதி மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது.

ஐந்து வருடத்துக்குள் ஒரு சீட்டுக்கட்டுக்கு இத்தனை சீட்டு. இதில் ‘சட்டம் வந்தாச்சு’ என்று சொன்ன செய்திகள் ஏராளம். நவம்பர் 27 அன்று ‘சட்டம் போயாச்சு’ என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது? வருவதற்கு மேளம் உண்டு, போவதற்குச் சங்குகூட இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவுக்கும் இதே கதைதான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் வருடக்கணக்கில் காவல் நிலையங்களில் அதன் கீழ் வழக்குப் பதிந்தார்கள். நிறுத்துங்கள் என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த மேசைகளில் கிடந்த புத்தகங்களில் சீட்டு ஒட்டப்படவில்லை, வேறென்ன?

சட்டத்தை ஊருக்குச் சொல்லாமல் அதன்படி தண்டிக்க முடியாது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, சீனியருக்குப் பிடித்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் மந்திரிசபை கூடி அபினிச் சட்டம் என்று ஒரு தீர்மானம் போட்டது. அரசிதழில் போடவில்லை, வேறெப்படியும் அறிவிக்கவும் இல்லை. பல வருடம் கழித்து ஹர்லா என்பவரை அதன் கீழ் தண்டித்தார்கள். 1951-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ், நாலு சுவருக்குள் எழுதி வைத்ததைக் காட்டி ஒருவனைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கே விரோதம் என்ற கருத்தில் தீர்ப்பெழுதி அவரை விடுவித்தார். அரசிதழுக்கு அவ்வளவு மகத்துவம். நமக்கோ அரசிதழ் என்றால் பெயர் மாற்றம். ஜோசியர் சொல்லி ஓர் எழுத்தைக் கூட்டினால் கெசட்டில் போட வேண்டும் என்று தெரியும். அதே இதழில்தான் சட்டமும் வருகிறது. தமிழ்நாடு அரசிதழின் தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் அழகாக இருக்கும். இன்றைக்கு அது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மத்திய அரசிதழ் 2015 அக்டோபரிலிருந்து மின்வடிவில்தான். மத்தியச் சட்டங்களுக்கு ‘இந்தியா கோட்’ என்று அரசின் தளமே உண்டு. முன்பெல்லாம் ஒரு கெசட்டுக்காக அண்ணா சாலை விற்பனை நிலையத்தில் நான் கால் கடுக்க நின்றதுண்டு. இப்போது பஞ்சம் காகிதத்துக்கு இல்லை, பார்க்கிற ஆளுக்குத்தான்.

தமிழுக்கும் பஞ்சம்தான். மத்தியச் சட்டங்களைத் தமிழ் போன்ற மொழிகளில் அதிகாரபூர்வ உரையாக வெளியிட 1973-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். வழி இருக்கிறது, வண்டிதான் எப்போதோ ஒன்று வருகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதற்கும் ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. காத்திருக்க வேண்டாம் என்கிறேன் நான். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-ஐப் படித்துப் பாருங்கள். ஒரு சட்டத்துக்கு அரசு தமிழ் மொழிபெயர்ப்பு வெளியிடவில்லை என்றால், அல்லது வெளியிட்டும் விற்பனைக்குக் கிடைக்கவில்லை என்றால், நாமே மொழிபெயர்த்து வெளியிடலாம். இது அரசு ஏற்ற மொழிபெயர்ப்பு இல்லை என்று பளிச்சென்று ஒரு வரி போட வேண்டும், அதுதான் நிபந்தனை. மூலச் சட்டத்தை அச்சிடுவதற்கு இன்னும் வேடிக்கையான நிபந்தனை: கூடவே விளக்கமோ சொந்த எழுத்தோ சேர்த்துப் போட வேண்டும். சொந்தக் கருத்துக்கு நம் சங்கங்களில் என்றைக்குக் குறை வந்தது? குரோம்பேட்டையில் மட்டும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களையும் பாங்க் ஆபீஸர்களையும் சேர்த்து உட்காரவைத்தால் ஒரு சட்டத்துக்கு ஒரு மாதம் போதும்.

இன்னும் ஒரு சமாச்சாரம், இது உங்கள் வாசலில் நிற்கிறது. முன்பு கேட்டில் நீள நோட்டு இருந்தது. பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க என்று மூன்று கட்டம், கயிற்றில் கட்டிய பேனா. இப்போது பல அடுக்ககங்களில் செயலி. வருகிறவரைப் படம் பிடித்து, போன் நம்பர் வாங்கித்தான் விடுகிறார் காவலர். வேலை செய்ய வரும் அம்மா எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது வரைக்கும் அதில் ஏறுகிறது. தரவுச் சட்டத்தில், சொந்த வீட்டுக் காரியத்துக்காக விவரம் வைத்திருக்கும் தனிமனிதருக்கு விலக்கு உண்டு. சங்கத்துக்கு இல்லை. பதிவு செய்ததோ செய்யாததோ, நபர்களின் கூட்டமும் சட்டத்தின் கணக்கில் ஒரு ‘நபர்’. ஆகவே 2027 மே மாதத்துக்குள், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டிய கடமை உங்களுக்கும் வருகிறது. அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு உங்கள் பொருளாளர் மயங்கி விழ வேண்டாம், அது மேல் வரம்பு. ஆனால் அந்த அம்மாவிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சங்க அலுவலகத்தில் வாட்டர் டேங்க் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு. ஒரு சட்டத்துக்கு ஒரு பக்கம். வரைவு வந்த நாள், கருத்துச் சொல்லக் கடைசி நாள், ஒப்புதல் நாள், அரசிதழ் எண், அமலான நாள், கோர்ட்டில் என்ன ஆயிற்று. ஒப்புதல் வேறு, அமல் வேறு என்பது மட்டும் மனசில் இருக்கட்டும், பாதிக் குழப்பம் அங்கேதான். மசோதாவுக்கு முன் முப்பது நாளாவது வரைவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது 2014-இலிருந்து மத்திய அரசின் கொள்கை. அந்த முப்பது நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது லிஃப்ட் பராமரிப்பை ஒத்திவைக்கலாம். ‘புதிய சட்டம் வந்துவிட்டது, உடனே பகிரவும்’ என்று குழுவில் யாராவது போட்டால், அரசிதழ் எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டு. வார்டுக்கு ஒரு நோட்டு என்றாலும் 70 நோட்டுதான். பத்து நோட்டு தேறினாலே போதும், மாதம் ஒருமுறை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். எழுதத் தெரியாத இடத்துக்கு நான் வருகிறேன், பஸ் பாஸ் இருக்கிறது.

வடிகால்காரர் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாளில் பதினொன்று பாக்கி. நேற்று சாயந்திரம் அவரும் நானும் உட்கார்ந்து 8(2)-ஐ வைத்து எழுதினோம். மூடியில் கால் மாட்டிக்கொண்ட பெரியவரின் தேதியையும், உடைந்த மூடிகள் பதினான்கு என்று எண்ணியதையும் சேர்த்திருக்கிறோம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் நாளை காலை கிழக்குத் தாம்பரம் தபால் ஆபீஸில் அதைத்தான் போட வேண்டும். அவருடைய 2019 புத்தகத்தில் அந்த ஒரு வரியை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன், இடது ஓரம் மட்டும். உங்களில் யாருக்காவது அதே இரண்டு வரிப் பதில் வந்திருந்தால், ஒரு நகலும் பழைய பதில் இருந்தால் அதன் நகலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
சேலையூர்வாசி ஒருவன்